காலடிக்கு மட்டும் வெளிச்சம்

சாம்பாரைச் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்தால் அப்பா சாப்பிடமாட்டார் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மங்கையர்க்கரசிக்கு உறைத்தபோது அவள் மணலில் பாதி தூரம் வந்திருந்தாள். செருப்பு ஒரு கையில், கைப்பை தோளில், பையின் வார் தோளை அறுத்தது. கடல் இன்னும் கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. சாம்பார் தனி, சோறு தனி, சோற்றின் நடுவே ஒரு குழி, அந்தக் குழியை அவரேதான் பறிக்க வேண்டும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாத்திரையைச் சொன்னாள், சர்க்கரையைச் சொன்னாள், குளிக்க வெந்நீர் வேண்டும் என்று சொன்னாள், தாத்தா என்று கூப்பிட வேண்டாம், சார் என்று கூப்பிடுங்கள், தாத்தா என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார் என்றுகூடச் சொன்னாள், சாம்பார் மட்டும் விட்டுப்போய்விட்டது. ராத்திரிக்கு டிபன்தான் என்று அந்த இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா சொன்னதாக ஞாபகம். டிபன் என்றால் இட்லி. இட்லி என்றால் சாம்பார். மறுபடியும் அங்கேயே வந்து நின்றது புத்தி. முன்னால் அவள் கணவர் கணபதி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார், உல்லாசமாக நடக்கிற மாதிரி இருந்தது, இல்லை, அவர் எப்போதும் அப்படித்தான் நடப்பார், இன்றைக்குத்தான் அது அவள் கண்ணை உறுத்துகிறது.

ஆமைக் குஞ்சு பார்க்க வந்திருக்கிறார்கள். பெற்ற அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு, விட்ட கையோடு, ஆமைக் குஞ்சு. நாலு பேருக்குத் தெரிந்தால் வாயால் சிரிக்கமாட்டார்கள். மத்தியானம் அந்தப் பொறுப்பாளர் அம்மாதான் எடுத்துக்கொடுத்தாள், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, கடற்கரைப் பக்கம் போனா சாயங்காலம் குஞ்சு விடுவாங்க, பாத்துட்டுப் போங்க, மனசுக்கு நல்லா இருக்கும் என்று. மனசுக்கு நல்லா இருக்குமாம். கணபதி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். நேரே மன்னார்குடிக்குப் போய் அந்த வீட்டுக்குள், காலியாகக் கிடக்கிற அந்தக் கட்டிலுக்கு எதிரில் இவளை உட்கார வைக்க அவருக்குப் பயம், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. உப்பளத்தைத் தாண்டி வரும்போது காரில் சொன்னார், "இங்க பாரு அரசி, மனசு கேக்கலைன்னா சொல்லிடு. திரும்பிப் போறப்ப முக்கு ரோட்டுல இடது பக்கம் வண்டிய ஒடிச்சா போச்சு, மாமாவக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். வலது பக்கம் ஒடிச்சா ஊரு. எதுன்னாலும் இன்னிக்கே சொல்லிடு." சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிற நல்ல மனுஷர். இன்றைக்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இல்லத்தில் ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதன் பிறகு ஒரு மாதத்துக்கு வரக் கூடாது, போனும் பேசக் கூடாது, உங்க முகத்தைப் பார்த்தால் பழகமாட்டார் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்னுடைய முகத்தைப் பார்த்தா? அவர் இவள் முகத்தைப் பார்த்து வாங்கம்மா, உக்காருங்கம்மா என்று யாருக்கோ சொல்வது போல மரியாதையாகச் சொல்லத் தொடங்கி வருஷம் ஒன்று ஆகப்போகிறது. இன்றைக்கும், இவள் ஆபீஸ் அறைக்குப் போய் வரும்வரை இவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு அம்மாவின் பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர் மாதிரி.

தோப்பைத் தாண்டியதும் கடல் எதிரே வந்து நின்றது. ஆள் அரவமில்லாத கரை. கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேரும் ஒரு குடும்பமும் மட்டும் ஒரு வேலியைச் சுற்றி நின்றார்கள். மூங்கில் நட்டு வலை கட்டிய வேலி, உள்ளே வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு மூங்கில் கூடை கவிழ்த்திருந்தது. காக்கிச் சட்டையும் கைலியுமாக ஒருவர் நின்று விளக்கிக்கொண்டிருந்தார், அஞ்சாப்புலி என்று பெயராம், மீன்பிடிக்கிறவர், சீசனுக்கு இங்கே காவல். பேர்தான் பங்குனி ஆமை, மாசியிலேயே குஞ்சு வெளியே வந்துடும் என்றார். நாய், நரி தோண்டாமல் இருக்க விடியற்காலையில் முட்டைகளை எடுத்து வந்து இங்கே புதைக்கிறார்களாம். "எடுக்கையில எது மேல இருந்துச்சோ அதுவே மேல இருக்கணும். உருட்டப்படாது. உருட்டுனா உள்ளாற உள்ளது செத்துப்போவும்." அரசிக்கு முட்டை புதிதல்ல, சத்துணவு அமைப்பாளர் அவள், நாள் தவறாமல் பள்ளிக்கூடத்தில் முட்டை வேகிறது, ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான் பானையில் போடுவாள், களக்கென்றால் கூழ்முட்டை. அவள் ஆட்டாத முட்டையே கிடையாது. எடுத்த வாக்கில் வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வீட்டில் அப்பாவின் கட்டில் சுவரை ஒட்டி இருக்கும், சுவர் இடது பக்கம், எழுந்தால் வலது பக்கம் இறங்குவார். இல்லத்துக் கட்டிலில் சுவர் எந்தப் பக்கம்? ஜன்னல் தலைமாட்டில் இருந்தது, அலமாரி கால்மாட்டில், அப்படியானால் சுவர், சுவர் வலது பக்கம். ராத்திரி எழுந்தால் சுவரில்தான் இறங்குவார். இதையும் சொல்லவில்லை. "தாயி முட்டய வச்சு மண்ணத் தள்ளி மூடிட்டுப் போயிரும். ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்காது" என்று அஞ்சாப்புலி சொன்னதும் அந்தக் குடும்பத்து அம்மா, "அய்யோ பாவம்" என்றாள். கணபதி அரசியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். யார் பாவம்? முட்டையா, தாயா? ஆமை எங்கே போகிறது என்று யாராவது கேட்டார்களா, அதற்கும் மூச்சு முட்டுகிறதோ என்னவோ, அதற்கும் வீட்டில் ஒரு பெண் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

பரீட்சைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மகள் இலக்கியாவுக்கு அடுத்த திங்கட்கிழமை தமிழ் முதல் தாள். ராத்திரி படித்துவிட்டு அவள் கண்ணயர்ந்தால் அப்பா வந்து அவள் காலடியில் டார்ச் அடித்து, "உள்ள ரெண்டு சீட்டு தள்ளிப் போங்க, காலைக் கொஞ்சம் எடுங்க சார்" என்று மெதுவாகச் சொல்வார். பிள்ளை அலறிக்கொண்டு எழுந்திருக்கும். அப்பாவுக்கு வேலை டாக்கீஸில், டிக்கெட்டைக் கிழித்து, படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை இருட்டில் டார்ச் அடித்துக் கூட்டிப்போய் உட்கார வைக்கிற வேலை. ஊரில் டார்ச் வைத்திலிங்கம் என்றால்தான் தெரியும். காலடிக்கு மட்டும்தான் அடிக்க வேண்டும் என்பார், மூஞ்சியில் அடித்தால் அவமானம், திரைப் பக்கம் அடித்தால் அடிதடி. யாராவது இருட்டில் தடுக்கினால் எங்கிருந்தாலும் அந்த வெளிச்சம் வந்து அவர்கள் காலுக்கு முன்னால் விழும். அரசிக்கே அந்தக் கை வந்துவிட்டது, கல்யாண வீட்டில் கரண்ட் போனால் எல்லோரும் விளக்கை மேலே தூக்குவார்கள், இவள் கீழே காட்டுவாள். அத்தனை வருஷம் டாக்கீஸில் கிடந்தும் அப்பா ஒரு படத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, டூட்டியில் இருக்கிறவன் உட்காரக் கூடாது என்று நின்றபடியே துண்டு துண்டாகப் பார்த்ததுதான், எந்தக் கதையைக் கேட்டாலும் நடுவில் கொஞ்சம் தெரியாது என்பார். சரி, பிள்ளை அலறினால் அலறட்டும், அது ஒரு காரணமா, பொய். காரணம் அந்த ராத்திரி. போர்வையை விலக்கினால் ஆளைக் காணோம், வாசற்கதவு திறந்து கிடக்கிறது, மெயின் ரோட்டில் நடுமத்தியில் அப்பா நின்று மணல் லாரிகளுக்கு டார்ச் அடித்து ஒவ்வொன்றாக ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு லாரிக்காரன் அசிங்கமாகத் திட்டினான். அதற்கும் அப்பா, "படம் ஓடுது, சத்தம் போடாதீங்க சார்" என்றார். அரசி அவரைக் கையைப் பிடித்து இழுத்து வரும்போது ஒரே ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், லாரி நிற்காமல் வந்திருந்தால் என்று நினைத்தாள். ஐயோ என்று நினைத்தாளா, அப்பாடா என்று நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் இல்லத்துக்குப் போன் போட்டவள் அவள்தான். பரீட்சைக்காக இல்லை. அந்த ஒரு கணத்துக்குப் பயந்து.

வெயில் உப்பளத்துப் பக்கம் இறங்கிவிட்டது. கடல் முதலில் கறுத்தது, பிறகுதான் மணல். அஞ்சாப்புலி ஒரு கூடையை நிமிர்த்தி உள்ளே கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளி ஈர மணல் போட்ட தொட்டியில் விட்டார், கறுப்பாக, சின்னச் சின்னதாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. "செல்லெல்லாம் பைக்குள்ள போட்ருங்க. போட்டா வேணாம், லைட்டு வேணவே வேணாம்." எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு போட்டார்கள். அரசியும் போனைப் போடப் பையைத் திறந்தாள், உள்ளே சில்லென்று ஏதோ விரலில் பட்டது. தடவிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ரெண்டு கட்டை டார்ச், வெள்ளைத் தகரம், அடிமூடியில் சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டிருக்கும், அந்த ரப்பர்கூட விரலுக்குத் தெரிந்தது. மத்தியானத்திலிருந்து தோளை அறுத்துக்கொண்டிருந்தது இதுதான். டார்ச் இல்லாமல் அவர் தூங்கமாட்டார், தலையணைக்கு அடியில் கை போய்ப் போய்ப் பார்க்கும். அவர் பெட்டியில் வைக்க மறந்து தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளா? இல்லையே. வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே வைத்து எடுத்துப்போய், அந்தத் தலையணையைத் தூக்கி, அடியில் வைத்து, "இங்க இருக்குப்பா, பாத்துக்கங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாளே. காட்டினாளா? காட்ட வேண்டும் என்று நினைத்தாளா? வீட்டிலிருந்து புறப்படும்போதே அப்படிச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் பத்துத் தரம் செய்து பார்த்தாளே, அதுதான் செய்தது மாதிரி இருக்கிறதோ. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, சாவியை வைத்தேன் என்பார், வைத்திருக்கமாட்டார், சத்தியம் பண்ணுவார். நாளைக்குத் தன்னையும் இலக்கியா இப்படி ஒரு கட்டிலில் உட்கார வைத்துவிட்டு எங்காவது போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அல்லது மறக்கவே இல்லையோ, இனி ரோட்டில் போய் நின்று லாரிக்கு அடிக்க வேண்டாம் என்று தானே எடுத்து ஒளித்துக்கொண்டு வந்துவிட்டோமோ. எது மேல் என்று தெரியவில்லை, எதை நம்பினாலும் வலித்தது.

"இந்தக் கயித்தத் தாண்டி யாரும் வராதீங்க" என்று அஞ்சாப்புலி மணலில் ஒரு கயிற்றைப் போட்டுவிட்டுத் தொட்டியைச் சாய்த்தார். தண்ணீருக்குப் பக்கத்தில் விடக் கூடாதா என்று ஒரு பையன் கேட்டதற்கு, "நடந்துதான் போவணும்" என்றார், அவ்வளவுதான். குஞ்சுகள் கொஞ்ச நேரம் செத்தது மாதிரி கிடந்தன, பிறகு ஒன்று துடுப்பைப் போட்டது, எல்லாம் போட்டன, கடலைப் பார்த்து வரிசை வரிசையாகப் போகத் தொடங்கின. அரசிக்குக்கூட ஒரு நிமிஷம் மனசு லேசானது, லேசானதற்காக உடனே தன் மேல் கோபமும் வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த ஒன்று யாரோ மிதித்துப்போன ஒரு காலடிப் பள்ளத்தில் குப்புற விழுந்து, புரண்டு, மல்லாந்துவிட்டது. வெள்ளை வயிறு மங்கலாகத் தெரிந்தது, துடுப்பு காற்றில் அடித்தது. இருட்டில் ஒன்று தடுக்கி விழுந்துவிட்டது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கை தானாகப் பைக்குள் போயிற்று, தானாக வந்தது, பொத்தானை அமுக்கிற்று. வட்டமான மஞ்சள் வெளிச்சம் மிகச் சரியாக அந்தக் காலடிப் பள்ளத்துக்கு முன்னால் போய் விழுந்தது.

"யாரும்மா அது! அணைங்க, அணைங்க!" என்று அஞ்சாப்புலி கத்தினார். கணபதி, "அரசி!" என்றார். அவளுக்குக் காது கேட்டது, விரல் கேட்கவில்லை. ஏனென்றால் போய்க்கொண்டிருந்த குஞ்சுகள் நின்றுவிட்டன. பின்னால் போனவை முதலில் திரும்பின, பக்கத்தில் போனவையும் திரும்பின, அவற்றைப் பார்த்து இல்லை, வெளிச்சத்தைப் பார்த்து. அத்தனையும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் ஏறி இவளைப் பார்த்து வந்தன, கயிற்றைத் தாண்டின, ஒன்று அவள் கட்டைவிரல் மேல் துடுப்பை வைத்தது. அஞ்சாப்புலி ஓடி வந்து தன் உள்ளங்கையால் டார்ச்சின் கண்ணாடியைப் பொத்தினார். அதற்குப் பிறகுதான் அவள் அணைத்தாள். "அதுக்கு வெளிச்சந்தாம்மா கடலு. வெளிச்சம் எங்கயோ அங்க வந்துரும், யாரு என்னன்னு பாக்காது." கோபமாகத்தான் ஆரம்பித்தார், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நகராம நில்லுங்க, மிதிச்சிராதீங்க. செத்த நேரத்துல அதுவே திரும்பிக்கும்." அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இருட்டு பழகியதும் கடல் ஓரத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பின. கட்டைவிரல் மேல் இருந்தது கடைசியாக இறங்கிப் போயிற்று. அந்தப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்ததை அஞ்சாப்புலி இரண்டு விரலால் புரட்டிவிட்டார், அதுவும் போயிற்று. அரசி அழுதாள், அடக்கவில்லை, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். அந்தக் குடும்பத்து அம்மா மறுபடியும் அய்யோ பாவம் என்றாள், இந்தத் தரம் அரசிக்குக் கோபம் வரவில்லை.

கணபதி காரைக் கிளப்பினார். உப்பளத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் சிவப்பு பாக்கி இருந்தது. டார்ச் அவள் மடியில் கிடந்தது. அதுகூட இல்லாமல் அப்பா சுவர்ப் பக்கமாக இறங்கப்போகிறார் என்று நினைத்தாள், அவர் கேட்டதை நினைத்தாள், புறப்படும்போது கேட்டாரே, "நீங்க எப்படிம்மா திரும்பிப் போவீங்க, வழில வெளிச்சம் இருக்கா" என்று, "இருக்குப்பா, இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. முக்கு ரோடு வந்தது. கணபதி வேகத்தைக் குறைத்தார், இண்டிகேட்டரைப் போடவில்லை.

"இடது பக்கம் போங்க" என்றாள். "டார்ச்ச குடுத்துட்டு வந்துடலாம்."

"டார்ச்சுக்கு மட்டுமா?"

"டார்ச்சுக்கு மட்டும்."

கேட் இன்னும் பூட்டவில்லை. பொறுப்பாளர் அம்மாவுக்கு இவர்களைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே நாற்காலிகள் கிடந்தன, மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் காலி நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். ஒரு பணிப்பெண், "சார், உக்காருங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அரசி படியேறி டார்ச்சை நீட்டினாள். அவர் அதை வாங்கி, பொத்தானை ஒரு தரம் தட்டிப் பார்த்து, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வழில வெளிச்சம் பத்துச்சாம்மா?" என்றார்.

தலையணைக்கு அடியில் அவள் வைத்ததும் நிஜம், தொட்டுக் காட்டியதும் நிஜம். ஆபீஸ் அறைக்குப் போய் வந்த அந்த நேரத்தில் அவர் அதை எடுத்துத் தன் மடியில் இருந்த பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டிருக்கிறார். இருட்டில் தனியாகப் போகிற யாரோ ஒரு அம்மாவுக்குக் கொடுத்தாரா, மகளுக்குக் கொடுத்தாரா? கேட்டால் அவருக்குத் தெரியாது. "பத்துச்சுப்பா" என்றாள். "அப்ப வாங்க, படம் ஆரம்பிச்சிடுச்சு" என்று அவர் முன்னால் நடந்தார். பொறுப்பாளர் அம்மா, "சார், சார்" என்று எழுந்தாள். கணபதி கையைக் காட்டி அவளை நிறுத்தினார். வராந்தாப் படி, செம்மண் தரை, கேட்டின் இரும்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாக அந்த மஞ்சள் வட்டம் அவள் காலுக்கு ஒரு எட்டு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. காரின் பின்கதவைத் திறந்து சீட்டுக்குக் கீழே அடித்துக் காட்டினார். "உள்ள தள்ளி உக்காருங்க. பாதியில வந்திருக்கீங்க, பரவால்ல, கதை புரியும்." அவள் ஏறி உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். அவர் கதவருகே நின்றார், அடுத்து யார் வருகிறார்கள் என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு.

"பக்கத்து சீட்டு யாருக்கு?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து அடித்துப் பார்த்தார். "காலிதான்."

"அப்ப நீங்க உக்காருங்கப்பா."

"டூட்டில உக்காரக் கூடாதும்மா."

"டூட்டி முடிஞ்சிடுச்சு. எல்லாரும் வந்தாச்சு. இனி யாரும் வரமாட்டாங்க."

அவர் ரோட்டின் அந்தக் கோடி வரை ஒரு தரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, வலது பக்கமாக ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தார். அப்பாவின் பெட்டியை எடுத்து வருவதற்காகக் கணபதி உள்ளே போனார்.